இந்த எண் எந்த ஊரில் எழுதப்பட்டது?



உங்களில் சி மொழி தெரிந்தவர்கள் ஒரு சோதனையை இன்றிரவே செய்து பார்க்கலாம். சில வரிகளில் ஒரு நிரல் எழுதுங்கள். முதலில் நிரலின் வட்டார அமைப்பை ஜெர்மனி என்று வையுங்கள். தொழிலில் இருப்பவர்கள் 'லொக்கேல்' என்று சொல்வது இதைத்தான். அடுத்து, '0.75' என்ற சரத்தை எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். விடையாக 0 வரும். நிரல் நடுவில் நிற்காது. திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றாது. லொக்கேலை மாற்றிய அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு ஓட்டினால் 0.75 சரியாகக் கிடைக்கும்.

நடந்தது இதுதான். ஜெர்மனியில் தசமக் குறி காற்புள்ளி. முக்கால் என்பதை அங்கே '0,75' என்றுதான் எழுதுவார்கள். சரத்தை எண்ணாக்கும் செயற்கூறு முதலில் சுழியத்தைப் படித்தது. அடுத்து வந்த புள்ளி அந்த லொக்கேலின் தசமக் குறி இல்லை. ஆகவே எண் அங்கே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, படித்தவரைக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டது. தனக்குச் சொல்லப்பட்டபடி அது சரியாகவே நடந்துகொண்டது. தவறு அந்தச் செயற்கூற்றைத் தாண்டி வேறு எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று தேடுவதற்குத்தான் இந்த ஒரு மணி நேரத்தை உங்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

காற்புள்ளி வைப்பவர்கள் ஏதோ விதிவிலக்கானவர்கள், புள்ளி வைக்கும் நாம்தான் இயல்பானவர்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1585-இல் பிளாண்டர்ஸ் நாட்டு சைமன் ஸ்டெவின் 'டி தீண்டே' என்ற சிறு நூலை வெளியிட்டார். வானியலாளர்களையும் நில அளவையர்களையும் வணிகர்களையும் விளித்து, அவர்களுடைய அன்றாடக் கணக்குக்காக எழுதிய நூல் அது. பின்னங்களைப் பத்தின் படிகளாக எழுதினால் முழு எண்களைப் போலவே கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம் என்று அதில் காட்டினார். ஆனால் அவர் புள்ளியும் வைக்கவில்லை, காற்புள்ளியும் வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்தின் அருகிலும் வட்டத்துக்குள் ஓர் எண்ணை எழுதி, அந்த இலக்கம் எத்தனையாவது இடத்தைச் சேர்ந்தது என்று குறித்தார். கையால் எழுத அது பெரிய தொல்லைதான். ஆனாலும் அந்த முறையில் எழுதிய எண்ணை எந்த நாட்டவரும் தவறாகப் படித்துவிட முடியாது. அந்த நற்பண்பு புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் வாய்க்கவில்லை.

மடக்கையைத் தந்த ஜான் நேப்பியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1617-இல் வெளிவந்த 'ராப்டாலஜியே' நூலில் தசமத்துக்குக் காற்புள்ளி இட்டு எழுதுகிறார். அவர் மறைந்தபின் 1619-இல் வெளிவந்த நூலில் புள்ளி இருக்கிறது. ஒரே மனிதரின் இரண்டு நூல்களில் இரண்டு குறிகள். பிறகு லைப்னிட்ஸ், பெருக்கல் குறி எக்ஸ் என்ற எழுத்தோடு குழம்புகிறது என்று சொல்லி, பெருக்கலுக்குப் புள்ளியைப் பயன்படுத்தினார். ஐரோப்பியக் கண்டத்தில் தசமத்துக்குக் காற்புள்ளி நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். பிரிட்டனும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளும் புள்ளியின் பக்கம் நின்றன. இந்தியாவும் இலங்கையும் மலேசியாவும் புள்ளியை வைத்திருப்பது அப்படித்தான்.

இன்று ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ரஷ்யா, துருக்கி, பிரேசில், இந்தோனேசியா, வியட்நாம் எல்லாம் காற்புள்ளி நாடுகள். அமெரிக்காவும் சீனாவும் ஜப்பானும் நாமும் புள்ளி நாடுகள். கனடாவில் ஆங்கிலம் எழுதுபவர் புள்ளியும் பிரெஞ்சு எழுதுபவர் காற்புள்ளியும் வைப்பார். எடைகள், அளவைகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு 1948-இலும் பின்னர் 2003-இலும் இதை எடுத்துப் பேசியது. இரண்டு குறிகளில் எதுவும் செல்லும், ஆனால் ஆயிரங்களைப் பிரிக்க இரண்டையுமே பயன்படுத்தக் கூடாது, இடைவெளி விட்டால் போதும் என்பதுதான் அதன் தீர்மானம். அந்தப் பின்பாதியை அறிவியல் இதழ்கள் ஓரளவு பின்பற்றுகின்றன. கடைத்தெருவும் வங்கியும் அரசு அலுவலகமும் எந்த நாட்டிலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெர்மானியர் ஆயிரத்துக்குப் புள்ளி வைக்கிறார். சுவிட்சர்லாந்தில் மேற்கோள் குறி போன்ற ஒன்றை வைக்கிறார்கள். நாம் முதலில் மூன்று இலக்கங்களும் பிறகு இரண்டிரண்டுமாகப் பிரித்து இலட்சம், கோடி என்று படிக்கிறோம்.

'1.500' என்று எழுதியிருந்தால் சென்னையில் அது ஒன்றரை, முனிச்சில் ஆயிரத்து ஐந்நூறு. இரண்டு வாசிப்பும் முழுமையானவை, இரண்டும் சரியானவை. எந்த ஊரில் எழுதப்பட்டது என்ற செய்தி அந்த ஐந்து எழுத்துகளுக்குள் இல்லை. வெளியிலிருந்து யாராவது சொன்னால்தான் தெரியும். யார் சொல்வது என்ற கேள்விக்குக் கணினித் துறை கொடுத்த ஒரு பெரிய பதிலில் பிழை இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1989-இல் சி மொழிக்கு அமெரிக்கத் தரம் வந்தது. அதில் லொக்கேல் என்ற ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அவர்கள் வழக்கப்படி எண், தேதி, பணம் எல்லாம் தெரிய வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். நிரல் தொடங்கும்போது 'சி' என்ற பெயருடைய நடுநிலை லொக்கேலில் இருக்கும். அதில் தசமக் குறி புள்ளி. 'செட்லொக்கேல்' என்ற செயற்கூற்றை அழைத்தால், பயனர் தன் கணினியில் தேர்ந்தெடுத்திருக்கும் வழக்கத்துக்கு நிரல் மாறிக்கொள்ளும். எண்களுக்கான பிரிவின் பெயர் 'எல்.சி. நியூமெரிக்'. இதுவரை யாரும் குறை சொல்ல முடியாது.

கோளாறு இரண்டு இடங்களில் இருக்கிறது. மனிதருக்கு எண்ணைக் காட்டும் செயற்கூறும், கோப்பில் எண்ணை எழுதும் செயற்கூறும் ஒன்றாகவே இருந்தன. 'பிரிண்ட்எஃப்' என்பது திரைக்கும் எழுதும், கோப்புக்கும் எழுதும். லொக்கேல் மாறினால் இரண்டும் சேர்ந்து மாறும். திரையில் காற்புள்ளி வருவது பயனருக்குச் செய்யும் மரியாதை. ஆனால் இன்னொரு நிரல் படிக்கவிருக்கும் கோப்பில் அது போய் உட்கார்ந்தால் கோப்பு கெட்டுவிடும். இரண்டாவது கோளாறு இதைவிட ஆழமானது. இந்த அமைப்பு நிரல் முழுமைக்கும் ஒன்றே ஒன்று. பத்து அறைகள் உள்ள வீட்டுக்கு வாசலில் ஒரே சுவிட்ச் வைத்தது போல. யார் எங்கிருந்து அதைத் தட்டினாலும் எல்லா அறையிலும் மாறும்.

இதன் விளைவை ஒரு நிரல் நூலகத்தை எழுதுபவரின் இடத்திலிருந்து பாருங்கள். முப்பரிமாண வடிவக் கோப்புகளைப் படிக்கும் நூலகம் ஒன்றை அவர் எழுதுகிறார். கோப்பில் ஆயிரக்கணக்கான ஆயத்தொலைவுகள், எல்லாம் புள்ளி வைத்தவை. கட்டளைவரியில் சோதிக்கிறார், நன்றாக ஓடுகிறது. அவர் நூலகத்தில் 'செட்லொக்கேல்' என்ற சொல்லே கிடையாது. வேறொருவர் அந்த நூலகத்தை எடுத்துச் சாளரங்களும் பொத்தான்களும் உள்ள ஒரு செயலிக்குள் வைக்கிறார். லினக்ஸில் ஜி.டி.கே., க்யூ.டி. போன்ற இடைமுகக் கருவிகள் தொடங்கும்போதே பயனரின் லொக்கேலுக்கு நிரலை மாற்றிவிடும். பெர்லினில் ஒருவர் அந்தச் செயலியைத் திறக்கிறார். எல்லா ஆயத்தொலைவுகளும் முழு எண்களாகக் கத்தரிக்கப்பட்டு, அவர் வரைந்த வடிவம் திரையில் நொறுங்கிக் கிடக்கிறது. நூலகத்தை எழுதியவர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்து எந்தக் கோளாறும் இல்லை என்கிறார். செயலியை எழுதியவர் தான் எண்ணையே தொடவில்லை என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை.

இது கற்பனை ஆபத்தா என்று கேட்பவர்களுக்குச் சில சான்றுகள். க்யூ.டி.-யின் ஆவணமே, அந்தக் கருவியைத் தொடங்கிய உடனே எண் பிரிவை மட்டும் 'சி' லொக்கேலுக்குத் திருப்பிவிடுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறது. எம்.பி.வி. என்ற காணொளி இயக்கியின் நூலகம் தொடங்கும்போது எண் பிரிவைச் சோதித்துப் பார்த்து, அது 'சி' லொக்கேலாக இல்லாவிட்டால் வேலை செய்ய மறுத்துவிடும். மெசா என்ற வரைகலை நூலகத்தில், ஷேடர் நிரல்களில் வரும் தசம எண்களைப் படிப்பதற்கென்றே லொக்கேலைப் பொருட்படுத்தாத ஒரு தனிச் செயற்கூறு எழுதி வைத்திருக்கிறார்கள். புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் ஆர் மொழி, தொடங்கும்போது எண் பிரிவை மாற்றாமல் விட்டுவிடுகிறது. நீங்களாக மாற்றினால், இனி ஆர் விசித்திரமாக நடந்துகொள்ளக்கூடும் என்று எச்சரிக்கிறது. மொழியில் கொடுத்த வசதியைத் தேர்ந்த கைகள் இப்படித் தேடித்தேடி அணைத்து வைக்கின்றன என்றால், அந்த வசதி தவறான இடத்தில் இருக்கிறது என்றுதான் நான் கொள்கிறேன்.

பைத்தான் மொழிக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அதன் பழைய பதிப்புகள் தசம எண்களைப் படிக்கச் சி மொழிச் செயற்கூறுகளையே நம்பியிருந்தன. ஆகவே எண் பிரிவு 'சி'-யிலேயே இருந்தாக வேண்டும் என்று பைத்தான் விதித்தது. ஜி.டி.கே. இடைமுகமோ பிரேசில்காரருக்கு எண் பெட்டியில் காற்புள்ளி காட்ட எண் பிரிவை மாற்றியாக வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துபவர் ஒன்றைத் திருப்திப்படுத்தினால் மற்றது உடையும். இதற்குத் தீர்வாக 331 என்ற எண்ணுள்ள முன்மொழிவு வந்தது. பைத்தான் தனக்கென்று லொக்கேலைப் பாராமல் எண் படிக்கும் நிரலைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்வது என்று முடிவாகி, 2.4 பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் இன்று நீங்கள் பைத்தானில் உலகின் எந்த மூலையில் '0.75' என்று கொடுத்தாலும் முக்கால் கிடைக்கிறது. பி.எச்.பி. இதே இடத்துக்கு வந்துசேர 2020 ஆனது. அதற்கு முன்பு லொக்கேலை ஜெர்மனிக்கு மாற்றிய ஒரு பி.எச்.பி. நிரலில் ஒரு தசம எண்ணைச் சரமாக மாற்றினாலே காற்புள்ளி புகுந்துவிடும். 8.0 பதிப்பில்தான் அது நின்றது.

இந்த வகைப் பிழை எளிதில் பிடிபடாததற்கு ஒரு காரணம் உண்டு. என்னை மிகவும் கவலைப்பட வைப்பது அதுதான். ஜெர்மன் லொக்கேலில் ஓடும் நிரல் கோப்பில் '0,75' என்று எழுதுகிறது. அதே நிரல் அதே கணினியில் அதைத் திரும்பப் படிக்கிறது, சரியாகவே முக்கால் வருகிறது. எழுதியதும் படித்ததும் ஒரே விதமாகப் பிசகியதால் பிசகு தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படியே போகலாம். ஒருநாள் அந்தக் கோப்பு மின்னஞ்சலில் வேறு நாட்டுக்குப் போகும், அல்லது அலுவலகத்தில் கணினியின் மொழியை மாற்றுவார்கள், அல்லது நிரலை மேகக் கணினிக்கு நகர்த்துவார்கள். அன்றுதான் பழைய கோப்புகள் எல்லாம் பொய் சொல்லத் தொடங்கும். அதற்குள் எந்தக் கோப்பு எந்த வழக்கத்தில் எழுதப்பட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஒவ்வொரு மொழியும் தவறான விடையை ஒவ்வொரு விதமாகத் தருகிறது. சி மொழி கத்தரிக்கும் என்று பார்த்தோம். ஜாவாஸ்கிரிப்டின் 'பார்ஸ்ஃப்ளோட்' '3,14' என்ற சரத்தை 3 என்று படிக்கும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் வேறு கதை. அங்கே சரத்தை எண்ணாக்கும் செயற்கூற்றிடம் எந்த வழக்கம் என்று நீங்கள் சொல்லாவிட்டால் பயனரின் வழக்கத்தை எடுத்துக்கொள்ளும். ஜெர்மன் வழக்கத்தில் புள்ளி என்பது ஆயிரப் பிரிப்பு. ஆயிரப் பிரிப்பு சரியான இடத்தில்தான் இருக்கிறதா, மூன்று இலக்கத்துக்கு ஒருமுறை வந்திருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. எங்கே இருந்தாலும் நீக்கிவிட்டு மிச்சத்தைச் சேர்த்துப் படிக்கிறது. ஆகவே '3.14' என்பது 314 ஆகிறது. '1.0' என்பது 10 ஆகிறது. ஆங்கில வழக்கத்தில் '1,5' கொடுத்தால் 15.

இந்த '1.0' எனக்கு மருத்துவமனையை நினைவூட்டுகிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு 2004-இல் மருந்துச் சீட்டில் எழுதக் கூடாதவை என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. அளவின் இறுதியில் தேவையற்ற சுழியம் எழுதக் கூடாது என்பது அதில் ஒன்று. '1.0 மில்லிகிராம்' என்று எழுதியதில் புள்ளி கண்ணில் படாமல் போனால் நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும். களைத்த ஒரு செவிலியரின் கண் எப்போதோ ஒருமுறை செய்யக்கூடிய தவறு என்று அஞ்சி ஒரு துறையே விதி வகுத்தது. அதே தவறை ஒரு நிரல் நூலகம் ஒவ்வொரு முறையும், களைக்காமல், விதிப்படி செய்கிறது. ஜாவாவில் எண்ணைப் படிக்கும் அடிப்படைச் செயற்கூறு '3,14' கொடுத்தால் ஏற்க மறுத்து விதிவிலக்கை எறிந்து நிற்கும். பயனர் எரிச்சலடைவார், உண்மைதான். ஆனால் தவறான எண் அவர் கணக்குக்குள் போகாது. கத்தரிப்பது, விழுங்குவது, நின்றுவிடுவது என்ற இந்த மூன்றில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், நின்றுவிடுவதைத்தான் கேட்பேன்.

காற்புள்ளிக்கு வேறு வேலை இருக்கும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். தரவுத்தளத்துக்கான கட்டளையைச் சரங்களை ஒட்டி ஒட்டி உருவாக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதில் 3.14 என்ற மதிப்பு '3,14' என்று விழுந்தால், தரவுத்தளம் அதை இரண்டு மதிப்புகளாக எண்ணும். எஸ்.வி.ஜி. படக் கோப்பில் இரண்டு ஆயத்தொலைவுகளைக் காற்புள்ளியாலும் பிரிக்கலாம். '10.5,20.5' என்பது '10,5,20,5' ஆகிவிட்டால் எது தசமம், எது பிரிப்பு என்று கடவுளாலும் சொல்ல முடியாது. அச்சு இயந்திரத்துக்கும் கடைசல் இயந்திரத்துக்கும் போகும் கட்டளைக் கோப்பில் பத்தரை மில்லிமீட்டர் நகரச் சொன்ன இடத்தில் காற்புள்ளி விழுந்து, இயந்திரம் பத்து என்று படித்துக்கொண்டால், உலோகத்தில் விழுந்த வெட்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

விரிதாளுக்கு வருவோம். உலகின் பாதிக் கணக்கு அங்கேதான் நடக்கிறது. மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சி.எஸ்.வி. கோப்பை நீங்கள் அறிவீர்கள். தசமமே காற்புள்ளியாக இருக்கும் நாட்டில் அந்தக் கோப்பை எப்படி எழுதுவது? ஜெர்மன் எக்செல் அரைப்புள்ளியால் பிரிக்கிறது. கோப்பின் வகைப் பெயர் அதேதான். நம் ஊரில் திறந்தால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் அடைந்து கிடக்கும். ஆர் மொழி இதற்காக இரண்டு செயற்கூறுகளை வைத்திருக்கிறது. ஒன்று புள்ளியும் காற்புள்ளியும் உள்ள கோப்புக்கு, மற்றொன்று காற்புள்ளியும் அரைப்புள்ளியும் உள்ள கோப்புக்கு. கோப்பு எந்த வகை என்று பயனர் அறிந்து சொல்ல வேண்டும். நேர்மையான ஏற்பாடு என்பேன். எக்செல் அப்படிக் கேட்பதில்லை, ஊகிக்கிறது. ஜெர்மன் எக்செலின் ஓர் அறையில் '1.5' என்று தட்டினால் ஒன்றரை வராது, ஆயிரப் பிரிப்பும் ஆகாது, மே மாதம் முதல் தேதி வரும். அங்கே தேதியை நாள், மாதம் என்று புள்ளி வைத்துத்தான் எழுதுவார்கள். எக்செலின் தேதி ஊகம் மரபணு ஆய்வில் செய்த சேதம் பெரிது. 'மார்ச்1', 'செப்ட்2' என்பன போன்ற மரபணுக் குறியீடுகளை அது தேதியாக்கிவிடும். வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்புக் கோப்புகளில்கூட அந்தப் பிழைகள் இருந்தன. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020-இல் அந்த மரபணுக்களின் குறியீடுகளையே மாற்றியது. மென்பொருளின் ஊகத்துக்கு அறிவியல் இடம் விட்டு ஒதுங்க வேண்டி வந்தது. இதை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நாம் புள்ளி நாட்டுக்காரர்கள், நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? தமிழுக்கே வருகிறேன். உலகின் வட்டார வழக்கங்களைத் தொகுத்து வைக்கும் பொதுத் தரவுக் களஞ்சியம் ஒன்றை யூனிகோட் கூட்டமைப்பு நடத்துகிறது. கைப்பேசி முதல் உலாவி வரை எல்லாம் அதைப் பார்த்துத்தான் எண்களை எழுதுகின்றன. அதில் தமிழுக்கு நான்கு நாடுகள் உண்டு: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். இந்தியத் தமிழில் பன்னிரண்டு இலட்சத்துச் சொச்சம் '12,34,567' என்று எழுதப்படும். சிங்கப்பூர்த் தமிழில் '1,234,567'. எழுத்தும் மொழியும் ஒன்றுதான், எண்ணைக் கட்டும் பழக்கம் வேறு. ஆகவே பயனரின் மொழி தமிழ் என்று மட்டும் தெரிந்துகொண்டு எண்ணின் வடிவத்தை முடிவு செய்யும் நிரல், கோலாலம்பூரில் இருப்பவருக்கு அவர் பழகாத பிரிப்பைக் காட்டும். மூன்று மூன்றாகத்தான் பிரிப்பு வரும் என்று நம்பிச் சரிபார்க்கும் நிரல், மதுரை வணிகர் இட்ட இலட்சத்தைத் தவறு என்று திருப்பி அனுப்பும். தமிழ் இலக்கங்களுக்கும் இதில் இடமுண்டு. மரபான தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் இருந்தன. இடமதிப்பு முறையில் எழுதத் தேவைப்படும் தமிழ்ச் சுழியம் யூனிகோடில் சேர்ந்தது 2005-இல் வந்த 4.1 பதிப்பில்தான். ஆகவே தமிழ் இலக்கங்களை இடமதிப்பு முறையில் எழுதுவது, மரபு முறையில் எழுதுவது என்று இரண்டையும் அந்தக் களஞ்சியம் தனித்தனியாக வைத்திருக்கிறது. இலக்கம் என்றால் பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான அந்தப் பத்து ஐரோப்பிய வடிவங்கள்தான் என்று எழுதிய நிரலுக்கு இதெல்லாம் புலப்படாது.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். மனிதர் படிக்கும் எண்ணும் இயந்திரம் படிக்கும் எண்ணும் வேறு வேறு என்று நிரலில் ஒவ்வோர் இடத்திலும் பிரித்துக்கொள்ள வேண்டும். கோப்பு, தரவுத்தளம், வலைப்பின்னலில் போகும் செய்தி, கட்டமைப்புக் கோப்பு எல்லாம் இயந்திரத்துக்கானவை. அங்கே ஒரே வழக்கம், ஆயிரப் பிரிப்பு இல்லாமல், தசமத்துக்குப் புள்ளி. ஜேசான் வடிவத்தின் தரம் இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறது. அது பரவியதால் இந்தத் துறைக்குக் கிடைத்த நன்மைகளில் இதுவும் ஒன்று. டாட்நெட்டில் 'இன்வேரியன்ட் கல்ச்சர்' என்று வெளிப்படையாகச் சொல்லிப் படியுங்கள். சி++ மொழியில் 2017-ஆம் ஆண்டுத் தரம் கொண்டுவந்த 'ஃப்ரம் கார்ஸ்', 'டு கார்ஸ்' என்ற இரண்டும் லொக்கேலைத் திரும்பியே பார்க்காதவை. ஜி.சி.சி. தொகுப்பி தசம எண்களுக்கு அவற்றை முழுமையாகத் தர 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பு வரை ஆனது. இப்போது தயங்கக் காரணம் இல்லை. ஒரு கணம் லொக்கேலை மாற்றி, எண்ணைப் படித்துவிட்டு, பழையபடி திருப்பி வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பல இழைகளில் ஓடும் நிரலில் அந்த ஒரு கணத்துக்குள் இன்னோர் இழை வந்து எண் படிக்கும். அப்போது நேரும் பிழையை இன்னொரு முறை வரவழைத்துப் பார்க்கக்கூட முடியாது. அதைச் செய்யாதீர்கள்.

மனிதருக்கான எண்ணில் மறுபக்கம் கவனம் வேண்டும். காற்புள்ளியால் தொல்லை என்று சொல்லி எல்லோரும் புள்ளிதான் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது எளிய வழி. அது அநீதியான வழியும்கூட. ஜெர்மன் விசைப்பலகையின் எண்பகுதியில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளிதான் இருக்கிறது. நாள் முழுவதும் விலைகளைத் தட்டும் ஒரு கணக்கரிடம், ஒவ்வொரு முறையும் கையை அங்கிருந்து எடுத்து வேறெங்கோ இருக்கும் புள்ளியைத் தேடச் சொல்ல நமக்கு என்ன உரிமை? இலட்சம் என்று எண்ணிப் பழகிய நம் பெரியவர்களிடம் மில்லியன் பிரிப்பைக் காட்டும் வங்கிச் செயலி எவ்வளவு இடைஞ்சல் தருகிறதோ அவ்வளவு இடைஞ்சல் அது. ஆகவே உள்ளிடும் பெட்டி பயனரின் வழக்கத்தை ஏற்க வேண்டும். ஆனால் கண்டிப்பாக ஏற்க வேண்டும். ஜெர்மன் வழக்கத்தில் '1.5' வந்தால் அது ஆயிரப் பிரிப்பாக இருக்க முடியாது, புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் இல்லை. அங்கே புள்ளியை விழுங்காமல் பயனரிடம் கேளுங்கள். '1.500' வந்தால் விதிப்படி அது ஆயிரத்து ஐந்நூறுதான், ஏற்கலாம். ஆனால் புரிந்துகொண்ட எண்ணைப் பக்கத்திலேயே அவர் கண்ணில் படும்படி மீண்டும் எழுதிக் காட்டுங்கள். பணமும் மருந்தும் சம்பந்தப்பட்ட இடங்களில் இதை நான் விருப்பத்துக்கு விடமாட்டேன்.

காட்டுவதற்காக எழுதிய எண்ணை ஒருபோதும் திரும்பப் படிக்காதீர்கள். பிரெஞ்சு எண்களில் ஆயிரங்களுக்கு இடையே வரும் இடைவெளி சாதாரண இடைவெளி இல்லை, வரி உடையாமல் காக்கும் சிறப்பு எழுத்து. நான் சொன்ன அந்த யூனிகோட் களஞ்சியம் 2018-இல் அதை இன்னும் குறுகலான வேறொரு எழுத்தாக மாற்றியது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. திரையிலிருந்து எண்ணை எடுத்து மீண்டும் படித்துக்கொண்டிருந்த நிரல்களுக்கு அது தெரியாத எழுத்து. காட்சி வடிவம் அழகுக்காகவும் பழக்கத்துக்காகவும் இனியும் மாறும். அதை மாற்றக் களஞ்சியத்தைத் தொகுப்பவர்களுக்கு உரிமை உண்டு. அதன்மேல் கணக்கைக் கட்டியதுதான் தவறு.

தமிழ்நாட்டில் எழுதப்படும் மென்பொருளில் கணிசமான பகுதி ஐரோப்பியருக்காக எழுதப்படுகிறது. இங்கே எழுதுபவர், சோதிப்பவர், அவர்கள் மேலாளர் என எல்லோரும் புள்ளி வைப்பவர்கள். நிரலுக்குள்ளும் புள்ளி, கணினியிலும் புள்ளி என்று இரண்டும் ஒத்துப்போவதால் இந்தப் பிழை இந்த மண்ணில் கண்ணில் படவே படாது. முதலில் பார்ப்பவர் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் வாடிக்கையாளர்தான். இதற்கு மருந்து எளியது. உங்கள் தானியங்கிச் சோதனைகள் அனைத்தையும் ஒருமுறை ஜெர்மன் லொக்கேலிலும் ஒருமுறை பிரெஞ்சிலும் ஒருமுறை இந்தியத் தமிழிலும் ஓட்டுங்கள். சூழல் மாறி ஒன்றை மாற்றினால் போதும், நிரலில் எதையும் தொட வேண்டாம்.

அதைச் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். சோதனைகள் இப்போது பெரும்பாலும் சிறிய கொள்கலன்களில் ஓடுகின்றன. அவற்றில் இடத்தை மிச்சப்படுத்த 'சி' லொக்கேலைத் தவிர வேறு எதுவும் பெரும்பாலும் நிறுவப்பட்டிருக்காது. நிறுவப்படாத ஜெர்மன் லொக்கேலைக் கேட்டால் 'செட்லொக்கேல்' தோற்றுப்போகும். தோற்றதைத் திருப்பித் தரும் மதிப்பில் சொல்லும், ஆனால் அந்த மதிப்பைப் பார்ப்பவர் குறைவு. நிரல் புள்ளியோடு 'சி'-யிலேயே ஓடி, எல்லாச் சோதனைகளும் பச்சை நிறத்தில் முடியும். ஆகவே ஜெர்மன், பிரெஞ்சு ஓட்டங்களில் முதல் சோதனையாக ஒன்றரையைத் திரைக்கு எழுதச் சொல்லி, அதில் காற்புள்ளி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மீதிச் சோதனைகளை ஓட்டாமல் அங்கேயே சிவப்பில் நிறுத்திவிட்டு, அந்த லொக்கேலை நிறுவுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.